நீயா அழிச்ச?

பெரியவள் தங்கையின் மேல் கிடந்த வெள்ளை விரிப்பை மறுபடியும் கால்பக்கம் இழுத்துவிட்டாள். ஓரத்தில் ஒரு மடிப்பு விழுந்திருந்தது. ஹோட்டல் விரிப்புகளைத் தேய்த்து அடுக்கும் சலவைக்கூடத்தில் வருஷக்கணக்காக வேலை பார்த்த கை, மடிப்பைக் கண்டால் சும்மா இருப்பதில்லை. உள்ளங்கையால் நீவினாள். துணிக்கு அடியில் கணுக்கால் எலும்பு தட்டுப்பட்டது. கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள். இப்போது அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. இது முழுப் பருத்தி இல்லை, கலப்புத் துணி, அதனால்தான் மடிப்பு நிற்கிறது என்று மட்டும் தோன்றியது.

சின்னவள் விடியும்போது ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். அவள் புருஷன் அங்கே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோதே வண்டிக்காரர்கள் உடலைக் கொண்டுவந்துவிட்டார்கள். லிஃப்டில் கொள்ளாது என்று படிக்கட்டில் தூக்கி, ஒவ்வொரு திருப்பத்திலும் சாய்த்துச் சாய்த்து ஏற்றினார்கள். பெரியவள் கீழேயிருந்து பார்த்துக்கொண்டே வந்தாள். சுவரில் இடித்துவிடுவார்களோ என்பதுதான் அப்போது அவளுடைய ஒரே கவலை.

கூடம் நிறைய நாற்காலிகள். ஆட்கள் தணிந்த குரலில் ஆஸ்பத்திரியைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சுக்கு நடுவே உள்ளறையிலிருந்து கீபோர்டு தட்டும் சத்தம் விட்டுவிட்டு வந்தது.

அத்தை பெரியவளின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "என்னடி இது? பொண்டாட்டி இங்க கெடக்கா, அவரு அங்க உக்காந்து தட்டிக்கிட்டிருக்காரு. யாராச்சும் பாத்தா என்ன நெனப்பாங்க?"

"போட்டோ எடுத்துட்டு வரப் போனாரு அத்தை. மயானத்துல வைக்க ஒண்ணு வேணும்னு சித்தப்பாதான் கேட்டாரு."

"அதுக்கு இவ்வளவு நேரமா? போட்டோக் கடைக்காரி வீட்ல போட்டோவுக்கா பஞ்சம்?"

பெரியவள் உள்ளே போனாள்.

சாமான் போடும் சின்ன அறை அது. பெயின்ட் டப்பாக்களுக்கும் ஓடாத மின்விசிறிக்கும் நடுவில் ஒரு மேசை. மேசைக்கு அடியில் கறுப்பாக ஒரு கம்ப்யூட்டர் பெட்டி இரைந்துகொண்டிருந்தது. சின்னவள் அதற்கு வைத்த பெயர் சக்களத்தி. "நான் சமையல்கட்டுல கத்திக்கிட்டிருப்பேன், இவரு சக்களத்தியோட கொஞ்சிக்கிட்டிருப்பாரு" என்பாள். பெட்டி கொஞ்சம் அதிகமாக இரைந்தால், "உங்க ஆளுக்கு ஜுரம் போல, போய்ப் பாருங்க" என்று புருஷனை எழுப்பிவிடுவாள்.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். குடும்பத்தில் எல்லோரும் லிஃப்ட்காரர் என்றுதான் சொல்வார்கள். நேற்றுப் போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியில் பார்வையாளர்களுக்கு ஒட்டும் ஸ்டிக்கர் இன்னும் சட்டைப் பையின் மேல் இருந்தது.

"தம்பி, வெளியில கேக்குறாங்க," என்றாள் பெரியவள்.

"போட்டோ ரெடி அக்கா. பிரிண்டர்ல கெடக்கு பாருங்க."

எடுத்துப் பார்த்தாள். சின்னவள் முக்காலியில் நேராக உட்கார்ந்திருந்தாள். முகத்தில் எதுவும் இல்லை. மோவாய்க்குக் கீழே ஒரு சாம்பல் நிற அட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"இது என்ன அட்டை?"

"கடை திறந்ததும் வெளிச்சம் சரியா இருக்கான்னு அவளே உக்காந்து ஒரு படம் எடுத்துப் பாப்பா. பாத்துட்டு அழிச்சிடுவா. கடைசியா கடை திறந்தன்னிக்கு உடம்புக்கு முடியலன்னு பாதியில வந்துட்டா இல்ல? அந்த ஒண்ணு மட்டும் அழிக்காம நின்னுபோச்சு." அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அட்டைய மட்டும் வெட்டிடுங்க அக்கா. கத்தரிக்கோல் அந்த டப்பாவுல இருக்கு."

பெரியவள் கத்தரியை எடுத்து மோவாய்க்குக் கீழே நேர்கோட்டில் வெட்டினாள். எவ்வளவு பார்த்து வெட்டியும் ஓரத்தில் ஒரு கட்டைவிரல் நகம் மிஞ்சியது. அதையும் எடுத்தால் கழுத்து போய்விடும். விட்டுவிட்டாள்.

"வேற படம் இல்லையா?"

"எங்க இருக்கு? கேமராவ அவ பக்கம் திருப்பினா கையக் கொண்டுவந்து லென்ஸ மறைச்சிடுவா. இத்தனை வருஷத்துல என்கிட்ட இருக்கிறது எல்லாம் உள்ளங்கைதான்." கொஞ்சம் நிறுத்தி, "உடம்புக்கு வந்தப்புறம்தான் எடுக்க விட்டா. தெனம் காலையில ஒண்ணு, ரெண்டு. அவ போன்லதான் எடுத்தேன், அதுலதான் கேமரா நல்லா இருக்கும். இப்ப அதுதான் காணோம்," என்றார்.

"எது?"

"அந்தப் படமெல்லாம். போன்ல ஒண்ணுகூட இல்ல. போன் கெட்டுப்போச்சோ என்னவோ."

பெரியவள் திரையைப் பார்த்தாள். கறுப்புத் திரை. அதில் வெள்ளையில் ஒரே ஒரு வரி.

*நிறையப் படத்தைக் காணோம். நீயா அழிச்ச?*

அதற்குக் கீழே இரண்டு சொற்கள். *ஆமா. இல்ல.*

ஒரு கணம் அது தன்னைத்தான் கேட்கிறது என்று பெரியவள் நினைத்துவிட்டாள். கத்தரியை மேசைமேல் வைக்கப் போனவள் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டாள்.

அந்தப் புரோகிராமின் கதை குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். சின்னவளுடைய கடைக் கம்ப்யூட்டர் ஒருநாள் பேச்சுமூச்சில்லாமல் நின்றுபோனபோது அதோடு ஒரு கல்யாணமே காணாமல் போயிற்று. பெண் வீட்டார் கடை வாசலில் நின்று கத்திவிட்டுப் போனார்கள். சின்னவள் சாப்பிடாமல் படுத்துக்கிடந்தாள். படங்களைப் பத்திரமாக வைத்துக்கொடுக்கத்தான் கம்பெனிகள் இருக்கின்றனவே என்று யாரோ சொன்னதற்கு, "நம்ம வீட்டுச் சாமான எதுக்கு எவன் வீட்டுப் பரண்லயோ போடணும்?" என்று லிஃப்ட்காரர் ஒரு பழைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கடையில் இருப்பது வீட்டிலும், வீட்டில் இருப்பது கடையிலும், அவள் போனில் இருப்பது இரண்டிலும் தானாகவே ஒன்றுபோல ஆகிவிடுகிற ஒரு புரோகிராமைத் தானே எழுதப்போகிறேன் என்றார். லிஃப்டைத் தவிர வேறெதையும் பிரித்து மாட்டாதவர்.

எழுதியும்விட்டார். அதற்கப்புறம்தான் வேடிக்கை. கண்ணை மூடிக்கொண்டு பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்ட ஒரு ஆள். அவர் கண் முன்னாலேயே சின்னவள் அந்தப் படத்தை அழித்தாள். கடையில் அவள் வைத்திருந்த சட்டம் அது. படத்தைக் காட்டுவாள், பிடிக்கவில்லை என்றால் உடனே அழிப்பாள், வேறு எடுப்பாள். மறுநாள் கடை திறந்தால் கண் மூடிய ஆள் திரும்பவும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தார். அழித்தாள். அடுத்த நாளும் வந்தார். "யோவ், நான் ஒருத்தர அனுப்பி வச்சா உம் பொட்டி வெத்தல பாக்கு வச்சு திரும்பக் கூட்டிக்கிட்டு வருதே!" என்று போனில் கத்தினாள்.

அன்று பெரியவளும் இந்த வீட்டில்தான் இருந்தாள். லிஃப்ட்காரர் இரண்டு தட்டை வைத்து, ஒன்றில் மட்டும் பிஸ்கட்டை வைத்து விளக்கினார்.

"இந்தத் தட்டுல பிஸ்கட் இருக்கு, அதுல இல்ல. ஏன்?"

"நான் தின்னுட்டேன்," என்றாள் சின்னவள்.

"அப்படியும் இருக்கலாம். இல்ல, இதுல இப்பதான் புதுசா வச்சிருக்கலாம். வெறுமனே பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு ஞாபகம் இருந்தாத்தான் தின்னாங்களா, வைக்கவே இல்லையான்னு சொல்ல முடியும். எம் பொட்டிக்கு அந்த ஞாபகம் இல்ல."

"இதுக்கா இத்தன நாளா தூங்காம உக்காந்திருந்தீங்க?" என்று சின்னவள் பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

ஞாபகத்தைச் சேர்த்தார். கண் மூடிய ஆள் வருவது நின்றது. பிறகு ஒருநாள் கடையில் ஒயர் கழன்று, அங்கே எதுவுமே இல்லை என்று எண்ணிக்கொண்ட பெட்டி, அவள்தான் எல்லாவற்றையும் அழித்துவிட்டாள் என்று வீட்டிலும் அழிக்க ஆரம்பித்தது. பாதியில் ஓடிப்போய்ப் பிடுங்கினார். அதன் பிறகு ஒரு காவல் வைத்தார். நிறையப் படம் ஒரே சமயத்தில் காணாமல் போனால் பெட்டி தானாக எதையும் செய்யாது. நின்று கேட்கும். கேட்பது சின்னவளைத்தான் என்பதால் வீட்டில் பேசுகிற மாதிரியே எழுதி வைத்தார்.

"முந்தாநாள்லேருந்து கேட்டுக்கிட்டு நிக்குது," என்றார் லிஃப்ட்காரர். "நான்தான் ஆஸ்பத்திரியிலயே இருந்துட்டேன், பாக்கல. நல்லவேளை நின்னுச்சு. இல்லன்னு சொன்னா போதும், இங்கேருந்து எல்லாத்தையும் திரும்பப் போன்ல வச்சிடும்."

முந்தாநாள் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அவர் டீ வாங்கக் கீழே போயிருந்தார். சின்னவள் கண்ணைத் திறந்து, "அக்கா, என் போன எடு," என்றாள். பெரியவள் தலையணைக்கு முட்டுக்கொடுத்துப் போனை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். சின்னவள் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தாள். தலைமுடி இருந்த படம், முடி போன படம், தொப்பி போட்ட படம், மூக்கில் குழாய். பாதிப் படங்களில் நெற்றி வெட்டுப்பட்டிருந்தது.

"லிஃப்டத்தான் நேரா நிறுத்தத் தெரியும் இந்த மனுஷனுக்கு," என்றாள்.

ஒரு படத்தில் அவருடைய விரல் பாதியை மறைத்திருந்தது. மீதியில் நர்ஸின் முழங்கையும் சின்னவளின் ஒரு கண்ணும். அதைப் பார்த்துச் சத்தமில்லாமல் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று.

"எல்லாத்தையும் அழிச்சிடு அக்கா."

"ஏன்டி? இருந்துட்டுப் போகட்டும்."

"என் கடையில யாரையாச்சும் இப்படி அனுப்பியிருக்கேனா?"

பெரியவள் போனைக் கீழே இறக்கினாள். "அவர்கிட்ட ஒரு வார்த்த..."

"அவரு அழிக்க மாட்டாரு. நீ செய்."

செய்தாள். சின்னவள் விரலை உயர்த்தி, "அங்க, அழிச்சதுன்னு தனியா ஒண்ணு இருக்கும் பாரு. அதுலயும் போய் அழி," என்றாள். அதையும் செய்தாள்.

"வீட்ல பொட்டில இருக்குமேடி."

"இங்க அழிச்சா அங்க தானா போயிடும். நல்லாத்தான் செஞ்சு வச்சிருக்காரு." கண்ணை மூடிக்கொண்டாள். பெட்டி நின்று கேட்கும் என்பது அந்த நேரத்தில் அவளுக்கு நினைவில்லை.

உள்ளறைக் கதவருகே சித்தப்பா வந்து நின்றார். "வண்டி வந்துடுச்சு. கிளம்பணும்."

"இதோ வந்துட்டோம் சித்தப்பா," என்றாள் பெரியவள். அவர் போனார். லிஃப்ட்காரர் கீபோர்டின் மேல் கையை வைத்தார்.

"தம்பி, அதத் தொடாதீங்க."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"போன் கெட்டுப்போகல. அவதான் அழிக்கச் சொன்னா. நான்தான் அழிச்சேன்."

வெளியே யாரோ நாற்காலிகளை மடக்கினார்கள்.

"எப்ப?"

"நீங்க டீ வாங்கப் போனப்ப."

"நான் வந்தப்ப தூங்கிக்கிட்டிருந்தாளே."

"தூங்கல."

அவர் தலையை மெல்ல ஆட்டினார். ஏதோ ஒரு கட்டடத்தில் எந்த மாடியில் பழுது என்று சொல்லக் கேட்டுக்கொள்வதைப் போல இருந்தது அந்த ஆட்டல்.

"எல்லாத்தையும் பாத்தாளா?"

"ஒவ்வொண்ணா பாத்தா."

"ஒண்ணுகூடப் புடிக்கலையா அவளுக்கு?"

"விரல் மறைச்ச மாதிரி ஒண்ணு இருந்துச்சு. அதப் பாத்து சிரிச்சா." பெரியவள் கத்தரியை டப்பாவில் போட்டாள். "அப்புறம் அதையும் சேத்துத்தான் அழிக்கச் சொன்னா."

லிஃப்ட்காரர் எழுந்தார். திரையை அணைக்கவில்லை. எந்தச் சொல்லையும் அழுத்தவும் இல்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

வண்டிக்காரர்கள் படிக்கட்டைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். "படி வேணாம்," என்றார். காலையில் சாய்த்துச் சாய்த்துத் தூக்கி வந்ததை அவரிடம் யாரோ சொல்லியிருக்க வேண்டும். லிஃப்டுக்குள் போய்ப் பின்சுவரின் கீழ்ப்பாதியில் இருந்த பூட்டைத் திறந்தார். தகடு கதவு போலத் திறந்தது. அதற்குப் பின்னால் இடுப்பு உயரத்துக்கு ஒரு குழிவு.

"ஸ்ட்ரெச்சருக்குன்னு விடுறது," என்றார் யாரையும் பார்க்காமல்.

தலைப்பக்கம் குழிவுக்குள் போக, உடல் நேராகப் படுத்த நிலையில் உள்ளே அடங்கியது. பக்கவாட்டில் ஒரு ஆள் நிற்கத்தான் இடம். அவரே நின்றார். கதவு மூடியது.

மற்றவர்கள் எல்லோரும் படியில் இறங்கினார்கள். பெரியவள் போட்டோவை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கீழே போய் நின்றபோது லிஃப்ட் இன்னும் வந்திருக்கவில்லை. கதவுக்கு மேலிருந்த எண் நடுவில் எங்கோ நின்றிருந்தது. மாறவில்லை. அத்தை வாயைத் திறந்தாள். சித்தப்பா அவளைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள். வண்டிக்காரர்களில் ஒருவர் செருப்பிலிருந்த மண்ணைத் தட்டினார். பிறகு எண் மாறத் தொடங்கியது. கதவு திறந்தபோது லிஃப்ட்காரர் உள்ளே போன மாதிரியே நின்றிருந்தார். சட்டையில் ஸ்டிக்கர் மட்டும் இல்லை.

மயானத்தில் எல்லாம் சீக்கிரம் முடிந்தது. போட்டோவை ஒரு பலகையில் சாய்த்து வைத்தார்கள். வந்தவர்களில் ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டு, "என் பாஸ்போர்ட் படம் இவங்கதான் எடுத்தாங்க. மூணு தடவ எடுத்தாங்க, முகம் சுளிக்கல," என்றாள். பெரியவள் "ஆமாம்மா" என்றாள். தகன அறையின் இரும்புக் கதவு இறங்கியபோது எல்லோரும் அழுதார்கள். பெரியவள் பக்கத்தில் நின்றவளுக்குக் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

வெயில் சாயும்போது வீடு காலியாகியிருந்தது. பெரியவளின் கணவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். மறுநாள் பிள்ளைகளை ஏற்ற வேண்டும் என்று முன்னாலேயே கிளம்பிப் போய்விட்டார். பெரியவள் டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, டீயோடு உள்ளறைக்குப் போனாள். லிஃப்ட்காரர் குளித்து வேறு சட்டை போட்டிருந்தார். தலை ஈரமாக இருந்தது. திரையில் அந்த வரி அப்படியே இருந்தது.

"குடிங்க தம்பி."

வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். "இது அவளத்தான் கேக்குது அக்கா."

"ம்."

"அவளுக்குப் பதிலா நான் சொல்லலாமா?"

பெரியவள் பெயின்ட் டப்பா ஒன்றின் மேல் உட்கார்ந்தாள். கால் வலித்தது என்பது அப்போதுதான் தெரிந்தது.

"ஒரு தடவ பாத்துக்கிட்டு..." என்றாள் பெரியவள்.

"பாத்தா அழிக்க முடியாது."

*ஆமா*வை அழுத்தினார். மேசைக்கு அடியில் பெட்டி அரிசி கொறிப்பது போலக் கொஞ்ச நேரம் சத்தம் போட்டது. திரையில் வரிகள் மேலே ஏறிப் போயின. அவர் பார்க்கவில்லை. டீயை எடுத்து ஊதினார்.

"உங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு அக்கா."

அவள் அதை மறந்தே போயிருந்தாள். தீப்பிடித்தால், திருடு போனால் என்று ஏதேதோ சொல்லி, அவளுடைய வீட்டில் செருப்பு ஸ்டாண்டுக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டியை வைத்துவிட்டுப் போயிருந்தார். இடத்தை அடைக்கிறது என்று அவள் சின்னவளிடம் சலித்துக்கொண்டதுண்டு.

"அது ஓடலையே. நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி வந்தப்ப சுவிட்ச அணைச்சுட்டு வந்தேன்."

"தெரியும். அதனால அதுல இன்னும் எல்லாம் இருக்கு." டீயை ஒரு வாய் குடித்தார். "நீங்க போட்டா இதோட பேசும். பேசினா அங்கயும் போயிடும். போடலன்னா இருக்கும்."

"நான் என்ன செய்யட்டும்?"

அவர் யோசித்தார். "அவ உங்ககிட்டதான சொன்னா," என்றார். குரலில் கோபம் இல்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, லிஃப்டின் பின்தகட்டைப் பூட்டாமல் வந்துவிட்டதாகச் சொல்லிச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மறுநாள் முற்பகலில் பெரியவள் தன் வீட்டுக் கதவைத் திறந்தாள். கணவர் வேலைக்குப் போயிருந்தார். காயப்போட்ட துணி அப்படியே கொடியில் கிடந்தது. பையை இறக்கி வைத்தாள். ஸ்டாண்டில் முன்வரிசைச் செருப்புகளை ஒதுக்கினாள். பெட்டியின் மேல் தூசி படிந்திருந்தது. முந்தானையால் துடைத்தாள். துடைத்த பிறகும் கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டே இருந்தாள். அதற்குள் சின்னவள் இருக்கிறாள், தொப்பியோடு, குழாயோடு, ஒற்றைக் கண்ணோடு. இங்கே திரை இல்லை. நினைத்தாலும் பார்க்க முடியாது.

சுவிட்சைப் போட்டாள்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு விளக்கு எரிந்தது. உள்ளே ஏதோ சுழன்று எழுந்து, கொறிக்கிற சத்தம் ஆரம்பித்தது. பெரியவள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். தெருவில் யாரோ வண்டியை ஸ்டார்ட் செய்ய முயன்று, விட்டு, மறுபடி முயன்றார்கள். குழாயிலிருந்து வாளிக்குள் தண்ணீர் சொட்டிற்று. சத்தம் அடங்கும்வரை அவள் அங்கிருந்து நகரவில்லை.

அடங்கிய பிறகு ஒரு செருப்பைக் கழற்றி ஸ்டாண்டில் வைத்தாள். இன்னொன்றின் வார் சிக்கியிருந்தது. குனிந்து, நகத்தால் அதை நெம்பிக்கொண்டிருந்தாள்.